நீரில் குடியிருக்கும் கன்னியர்!

'உச்சிப் பொழுதில் குளத்தங்கரைக்குப் போகாதே, அது கன்னிமார் குளிக்கிற நேரம்!'

கிராமத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் யாரும் இந்த எச்சரிக்கையைக் கேட்காமல் வளர்ந்திருக்க முடியாது. நகரத்திலேயே பிறந்தவர்கள்கூட, பள்ளி விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்குப் போன நாட்களில் இதைக் காதில் வாங்கியிருப்பார்கள். நடுச்சாமத்தில் குளத்துப் பக்கம் கொலுசுச் சத்தம் கேட்கும். காற்றே இல்லாத இரவில் தண்ணீர் மட்டும் அலையடிக்கும். பூச்செடி எதுவும் இல்லாத கரையில் மல்லிகை மணக்கும். 'கன்னிமார் வந்துட்டுப் போறாங்க' என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள் பெரியவர்கள்.

யார் இந்தக் கன்னிமார்? ஏன் அவர்கள் தண்ணீரைத் தேடி வருகிறார்கள்? வீட்டுக் குழாயைத் திருகினால் தண்ணீர் கொட்டும் இந்தக் காலத்தில், அவர்களை நாம் எங்கே போய்த் தேடுவது? பார்ப்போம், வாருங்கள்.

நீரில் பிறந்த தேவ மாதர்

ரம்பை, ஊர்வசி, மேனகை, திலோத்தமை... இந்தப் பெயர்களைக் கேட்டதும் நமக்கு இந்திர சபையும் நடனமும்தான் நினைவுக்கு வரும். ஆனால், இவர்களுடைய பிறந்த வீடு தண்ணீர்! 'அப்ஸரஸ்' என்ற பெயரிலேயே அது இருக்கிறது. 'அப்' என்றால் சமஸ்கிருதத்தில் நீர். நீரில் அசைபவள், நீரிலிருந்து வந்தவள் என்றெல்லாம் அப்ஸரஸுக்குப் பொருள் சொல்வார்கள்.

பாற்கடலைக் கடைந்தபோது அமுதத்துக்கு முன்பாக வெளிப்பட்டவர்களில் இவர்களும் உண்டு. அப்போது தோன்றிய அப்ஸரஸ்கள் அறுபது கோடிப் பேர் என்கிறது வால்மீகி ராமாயணத்தின் பால காண்டம்.

ஊர்வசியின் கதையிலும் ஓர் அழகான இடம் உண்டு. அவளைப் பிரிந்த புரூரவஸ் மன்னன் பித்துப் பிடித்தவன்போல அலைகிறான். குருக்ஷேத்திரத்தில் தாமரை பூத்த ஒரு பொய்கைக் கரைக்கு வந்து சேர்கிறான். அங்கே நீர்ப்பறவைகள் கூட்டமாக நீந்திக்கொண்டிருக்கின்றன. அவை பறவைகள் அல்ல, ஊர்வசியும் அவளுடைய தோழியரும்தான் என்கிறது சதபத பிராமணம். அடுத்த முறை ஏரியில் நீர்ப்பறவைகளைப் பார்க்கும்போது, இந்தக் கதையைக் குழந்தைகளுக்குச் சொல்லிப் பாருங்கள். அவர்கள் பறவைகளைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும்!

ஏரிக்கு அடியில் ஒரு சங்கீதம்

வனவாச காலத்தில், ஒரு மாலைப் பொழுதில், ராமபிரானும் சீதாதேவியும் லட்சுமணனும் ஒரு யோசனை அளவுக்குப் பரந்து கிடந்த ஏரியை அடைகிறார்கள். தாமரையும் அல்லியும் பூத்துக் கிடக்கின்றன. கரையில் மனித நடமாட்டமே இல்லை. ஆனால், பாட்டும் வாத்திய ஒலியும் தெளிவாகக் கேட்கின்றன. எங்கிருந்து? தண்ணீருக்குள்ளிருந்து!

வியந்துபோன ராமர், உடன் வந்த தர்மபிருத் என்ற முனிவரிடம் காரணம் கேட்கிறார். அவர் சொல்லும் கதை இது.

மாண்டகர்ணி என்றொரு மகரிஷி, காற்றையே உணவாகக் கொண்டு, நீரில் நின்று பதினாயிரம் ஆண்டுகள் தவம் செய்தார். தேவர்களுக்கு வழக்கம்போல அச்சம் பிறந்தது; ஐந்து அப்ஸரஸ்களை அனுப்பினார்கள். முனிவரின் மனம் கனிந்தது. ஐவரையும் மணந்துகொண்டார். அவர்களுக்காக ஏரிக்குள்ளேயே, வெளியே தெரியாதபடி ஒரு மாளிகையை உண்டாக்கினார். தவ வலிமையால் இளமையும் பெற்றார். அந்த மாளிகையில் அவர்கள் ஆடிப் பாடும் ஒலிதான் கரைவரை கேட்கிறது. அந்த ஏரிக்குப் 'பஞ்சாப்ஸரஸ்' என்றே பெயர்.

ராமர் இதைக் கேட்டு, 'அடடா, என்ன ஆச்சரியம்!' என்று வியந்தார். பரம்பொருளே மனிதனாக வந்தபோது, ஏரிக்கரையில் நின்று காது கொடுத்துக் கேட்டிருக்கிறது. நாம் கடைசியாக எப்போது ஒரு குளக்கரையில் சும்மா நின்று தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டோம்? யோசித்துப் பாருங்கள்.

கரையோரம் ஏழு கற்கள்

தமிழ் மண்ணிலும் இந்த நம்பிக்கை மிகப் பழையது. மலையில் உறையும் தெய்வப் பெண்களை 'வரையரமகளிர்' என்றும், நீரில் உறைபவர்களை 'நீரரமகளிர்' என்றும் தமிழில் அழைத்தார்கள். ஆற்றுத் துறைகளிலும் கடல் துறைகளிலும் 'அணங்கு' இருப்பதாகச் சங்க காலத்திலேயே நம்பினார்கள். அணங்கு என்றால் அழகும் உண்டு, அச்சமும் உண்டு. தண்ணீரின் குணமும் அதுதானே!

இந்த நம்பிக்கை இன்றும் உயிரோடு இருப்பது கன்னிமார் வழிபாட்டில்தான். ஊர் எல்லையில், ஏரிக் கரையில், மதகுக்குப் பக்கத்தில், கிணற்று மேட்டில், வேம்பின் நிழலில் வரிசையாக ஏழு கற்கள் இருக்கும். சில இடங்களில் செங்கற்கள். உருவம் எதுவும் செதுக்கியிருக்க மாட்டார்கள். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்தால் அவைதான் ஏழு கன்னியர். காவலுக்கு அருகிலேயே முனியோ கருப்போ நின்றிருப்பார்.

கோயில்களில் நாம் காணும் சப்தமாதர் பிராம்மி, மகேஸ்வரி, கௌமாரி, வைஷ்ணவி, வாராஹி, இந்திராணி, சாமுண்டி ஆகியோர். இரு ஓரங்களில் வீரபத்திரரும் விநாயகரும் அமர்ந்திருக்க, நடுவில் எழுவரும் காட்சி தருவார்கள். காஞ்சி கயிலாசநாதர் கோயிலில் பல்லவர் காலத்துச் சப்தமாதரைத் தரிசிக்கலாம். சென்னை வேளச்சேரி செல்லியம்மன் கோயிலில் சோழர் காலத்துச் சப்தமாதர் இருக்கிறார்கள்.

நாளடைவில் ஊர்க் கன்னிமாரும் இந்தச் சப்தமாதரும் மக்கள் மனதில் ஒன்றாகிவிட்டார்கள். ஆனாலும் ஒரு வித்தியாசத்தை நீங்கள் கவனிக்கலாம். சப்தமாதர் கோயில் பிராகாரத்துக்குள் அமர்ந்திருக்கிறார்கள். கன்னிமாரோ தண்ணீரை விட்டு நகர மறுக்கிறார்கள்! ஏரி எங்கே இருக்கிறதோ, அங்கேதான் அவர்களும்.

ஏரி நிறைந்து மறுகால் பாயும்போது ஊர் கூடிக் கன்னிமாருக்குப் பொங்கல் வைக்கும். மழை பொய்த்தாலும் அவர்களிடம்தான் முறையிடும். நீரைப் பங்கிட்டு வயலுக்குத் திறந்துவிடுபவர், மடையைத் தொடும் முன் அந்த ஏழு கற்களைக் கும்பிட்டுக்கொள்வார். தண்ணீர் தன் சொத்து அல்ல, அவர்கள் சொத்து. தான் திறந்துவிடுகிறவன் மட்டுமே என்ற பணிவு அது.

பயமுறுத்தவா, பாதுகாக்கவா?

'இதெல்லாம் மூடநம்பிக்கை' என்று உங்கள் வீட்டுப் பிள்ளைகள் சொல்லக்கூடும். கோபித்துக்கொள்ளாதீர்கள். பெரியவர்கள் சொன்னதை அவர்களோடு சேர்ந்து கொஞ்சம் ஆராய்ந்து பாருங்கள்.

உச்சி வேளையில் குளத்துக்குப் போகாதே என்றார்கள். அந்த நேரத்தில் வயல் வேலைக்குப் போனவர்கள் களைத்துப் படுத்திருப்பார்கள். துறையில் ஆள் இருக்காது. ஒரு குழந்தை தவறி விழுந்தால், கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர யாரும் இல்லை. 'ஆழம், போகாதே' என்றால் கேட்காத பிள்ளை, 'கன்னிமார் பிடிச்சுக்குவாங்க' என்றால் கேட்கும்.

பாழுங்கிணற்றில் இறங்காதே, அங்கே அணங்கு இருக்கிறது என்றார்கள். நெடுநாள் புழங்காத கிணற்றின் அடியில் மூச்சை நிறுத்திவிடக்கூடிய கெட்ட காற்று தங்கியிருக்கும். அதனால்தான் தூர் வாருபவர்கள், இறங்கும் முன் ஒரு விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டுப் பார்ப்பது வழக்கம். விளக்கு அணைந்தால் இறங்க மாட்டார்கள்.

இரவில் சதுப்பு நிலத்தில் தெரியும் நெருப்பைக் 'கொள்ளிவாய்ப் பிசாசு' என்றார்கள். மட்கிய தாவரங்களிலிருந்து கிளம்பும் வாயு எரிவதால் அப்படித் தெரிகிறது என்று இன்று விளக்கம் சொல்கிறார்கள். காரணம் எதுவானாலும், இருட்டில் சேற்றில் கால் வைக்காமல் அந்தப் பயம் எத்தனை பேரைத் தடுத்திருக்கும்!

அதுமட்டுமா? கன்னிமார் குளிக்கிற குளத்தில் எச்சில் துப்பக் கூடாது, அசுத்தம் செய்யக் கூடாது, செருப்போடு இறங்கக் கூடாது என்று எத்தனை கட்டுப்பாடுகள்! அபராதமும் இல்லை, அறிவிப்புப் பலகையும் இல்லை. ஏழு கற்கள் ஒரு குளத்தையே காவல் காத்தன.

காரணம் தெரிந்தால் அதிசயம் குறையுமா?

ஒருபோதும் குறையாது. ஓர் உதாரணம் பாருங்கள்.

ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடத்துக்கு அருகே 'வில்லூண்டி தீர்த்தம்' இருக்கிறது. சுற்றிலும் உப்புக் கடல். நடுவில் ஒரு கிணறு. அதில் மட்டும் நல்ல தண்ணீர்! சீதாதேவியின் தாகம் தீர்க்க ராமபிரான் வில்லை ஊன்றிய இடம் என்பது ஐதீகம். ராமநாத சுவாமி கோயிலின் 22 தீர்த்தங்களில் நீராடியவர்களும், கடலை ஒட்டிய இடத்தில் இத்தனை கிணறுகளா என்று வியந்திருப்பீர்கள்.

மணற்பாங்கான கடலோர நிலத்தில் பெய்யும் மழை, மணலுக்குள் இறங்குகிறது. உப்பு நீரைவிட மழை நீர் லேசானது. அதனால் அடியில் இருக்கும் கடல் நீரோடு உடனே கலந்துவிடாமல், அதன் மேல் மிதந்தபடி நிற்கிறது. பாலின் மேல் ஆடை நிற்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அளவோடு இறைத்தால் நல்ல தண்ணீர் கிடைத்துக்கொண்டே இருக்கும். ஆசைப்பட்டு அதிகமாக உறிஞ்சினால், கீழே இருக்கும் உப்பு நீர் மேலே ஏறிவிடும். மோட்டார் போட்டு உறிஞ்சி உறிஞ்சி, கடலோர ஊர்களில் எத்தனையோ கிணறுகள் இப்படித்தான் உப்பாகிப் போயின.

இந்தக் காரணம் தெரிந்த பிறகு, வில்லூண்டியில் ஒரு வாய்த் தண்ணீரைக் கையில் ஏந்தும்போது பக்தி கூடத்தான் செய்யும். உப்புக்கு நடுவில் அமுதை மிதக்க வைத்திருக்கிறானே இறைவன்!

2019 ஆகஸ்ட் மாதத்தில், சென்னைக் கடற்கரையில் ஓர் இரவு அலைகள் நீல நிறத்தில் ஒளிர்ந்தது நினைவிருக்கிறதா? திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் மக்கள் திரண்டு போய்ப் பார்த்தார்கள். 2024 அக்டோபரிலும் அப்படி ஒளிர்ந்தது. கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய கடல் உயிர்கள், அலையில் அசையும்போது வெளிவிடும் ஒளி அது. நம் முன்னோர் பார்த்திருந்தால், 'நீரரமகளிர் விளக்கேற்றி வருகிறார்கள்' என்றிருப்பார்கள். அந்தக் காட்சியைக் கண்ட எவரும், அது தவறு என்று வாதாட மாட்டார்கள்!

நதிக் கன்னியரின் முறையீடு

கன்னிமார் ஏரிக்கு என்றால், நதிகளோ தாமே கன்னியர். கும்பகோணம் மகாமகக் குளத்தின் வடகரையில் உள்ள காசி விஸ்வநாதர் கோயிலுக்குப் போனவர்கள், அங்கே ஒரே சந்நிதியில் ஒன்பது பெண் வடிவங்களைத் தரிசித்திருப்பீர்கள். கங்கை, யமுனை, சரஸ்வதி, நர்மதை, கோதாவரி, கிருஷ்ணா, காவிரி, துங்கபத்திரை, சரயு ஆகிய நவகன்னியர் அவர்கள்.

இவர்கள் இங்கே வந்தது ஏன்? மக்கள் தங்கள் பாவங்களைப் போக்கிக்கொள்ள நதிகளில் நீராடினார்கள். பாவமெல்லாம் நதிகளிடம் தங்கிவிட்டது. பாரம் தாங்காத நதிக் கன்னியர், சிவபெருமானிடம் போய் முறையிட்டார்கள். 'எல்லோரும் எங்களிடம் வந்து கழுவிக்கொள்கிறார்கள். நாங்கள் எங்கே போய்க் கழுவிக்கொள்வது?'

இதைக் கேட்டு இரங்கிய ஈசன், குடந்தையில் உள்ள இந்தக் குளத்தில் மகாமக நன்னாளில் நீராடும்படி அவர்களைப் பணித்து, தாமும் உடன் வந்தார் என்கிறது தலபுராணம். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் அந்த மகாமகம், 2016-ல் நடந்தது. அடுத்தது 2028-ல் வருகிறது. குளத்தைச் சுற்றிலும் 16 மண்டபங்களும், குளத்துக்குள் 20 தீர்த்தக் கிணறுகளும் உண்டு.

சகோதரிகளே, இந்தக் கதையில் ஒரு பெண்ணின் குரல் கேட்கவில்லையா? வீட்டில் எல்லோருடைய அழுக்கையும் துவைத்து, எல்லோருடைய கோபத்தையும் தாங்கி, 'எனக்கு யார் செய்வார்கள்?' என்று ஒரு நாள் கேட்கும் பெண்ணின் குரல்! நதியைத் தாய் என்று சொல்லிவிட்டால் போதுமா? தாய்க்கும் களைப்பு வரும் என்று சொல்கிறது குடந்தைத் தலபுராணம்.

காவிரியை நம் பெண்கள் எப்படி நடத்தினார்கள் என்று பாருங்கள். ஆடி மாதம் புதுப்புனல் பொங்கி வரும் காவிரி, மசக்கையாக இருக்கிறாள் என்பது நம்பிக்கை. அதனால்தான் ஆடிப் பதினெட்டு அன்று புளியோதரை, எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம் என்று வாய்க்கு ருசியாகச் சித்ரான்னம் செய்து படைக்கிறோம். காதோலை, கருகமணி, மஞ்சள் கயிறு வைத்து வணங்குகிறோம். ஸ்ரீரங்கத்தில் நம்பெருமாளே ஆடி மாதத்தில் அம்மா மண்டபம் படித்துறைக்கு எழுந்தருளி, காவிரித் தாய்க்குப் பட்டுப் புடவையும் மாலையும் சீராகத் தருகிறார். வாயும் வயிறுமாக இருக்கும் பெண்ணுக்குப் பிறந்த வீட்டுச் சீர்!

முதலைகளாகிப் போன ஐவர்

மகாபாரதத்தின் ஆதி பர்வத்தில் ஒரு கதை. அதிகம் சொல்லப்படாத கதை. ஆனால் இன்று நமக்கு மிகவும் தேவையான கதை.

தீர்த்த யாத்திரையாகத் தென் கடற்கரைக்கு வருகிறான் அர்ஜுனன். அங்கே ஐந்து புண்ணிய தீர்த்தங்கள். ஆனால், கரையில் தவம் செய்யும் முனிவர்கள்கூட அவற்றில் இறங்குவதில்லை. ஏன் என்று கேட்கிறான். 'ஐந்திலும் முதலைகள் இருக்கின்றன, இறங்குபவர்களை இழுத்துக்கொள்கின்றன. போகாதே' என்கிறார்கள். அர்ஜுனன் கேட்கவில்லை. சௌபத்ர தீர்த்தத்தில் இறங்குகிறான். முதலை அவன் காலைப் பற்றுகிறது. அவன் உதறிவிட்டு ஓடவும் இல்லை, அதைக் கொல்லவும் இல்லை. அப்படியே தூக்கிக்கொண்டு கரையேறுகிறான்.

கரையைத் தொட்டதும் முதலை மறைந்து, சர்வ ஆபரணங்களுடன் ஒரு தேவகன்னி நிற்கிறாள்! 'நான் வர்கா என்ற அப்ஸரஸ். என் தோழியர் நால்வரோடு ஒரு தவசியின் தவத்தைக் கெடுக்கப் பார்த்தேன். நூறு ஆண்டுகள் முதலைகளாகக் கிடக்கும்படி சபித்தார். எவரேனும் எங்களை நீரிலிருந்து கரைக்குத் தூக்கினால் சாபம் தீரும் என்றார். என் தோழியரையும் காப்பாற்று' என்று வேண்டுகிறாள். மற்ற நான்கு தீர்த்தங்களிலும் இறங்கி, நால்வரையும் மீட்கிறான் அர்ஜுனன். ஐந்து தீர்த்தங்களும் மீண்டும் மக்களுக்குப் பயன்பட்டன.

தீர்த்தம் கெட்டுப்போய்விட்டது என்று எல்லோரும் ஒதுங்கி நின்றார்கள். உள்ளே ஒரு தேவகன்னி, யாராவது வந்து தூக்க மாட்டார்களா என்று காத்துக்கிடந்தாள். இறங்கியவன் ஒருவன்தான்!

நம் ஊர்க் குளத்து முதலை எது?

இன்று நம் குளங்களிலும் ஆறுகளிலும் முதலை இருக்கிறது. அதற்கு வாலும் பல்லும் கிடையாது. பாலிதீன் பையாகவும், சாக்கடையாகவும், கட்டடக் கழிவாகவும் அது படுத்திருக்கிறது. 'அந்தக் குளம் நாறிப் போச்சு' என்று நாமும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கிப் போகிறோம்.

சொல்லக் கசப்பான இன்னொன்றும் உண்டு. அந்த முதலைக்கு நம் பக்தியும் தீனி போடுகிறது. பரிகாரம் என்று உடுத்திய துணியை ஆற்றில் விட்டு வருகிறோம். தாமிரபரணிக் கரையில் பாபநாசம் போன்ற துறைகளில், இப்படி விட்ட துணிகளைத் தொண்டர்கள் குவியல் குவியலாக அள்ளி வெளியே போட வேண்டியிருக்கிறது. படித்துறையில் இறங்குபவர் காலில் அவை சுற்றிக்கொள்கின்றன. பூவும் மஞ்சளும் மட்டுமா போகின்றன? அவற்றைக் கொண்டுபோன பிளாஸ்டிக் பையும் போகிறது. வண்ணம் பூசிய பொம்மை போகிறது. கற்பூர டப்பா போகிறது.

பாவம் தீர வேண்டும் என்று போய், நதிக் கன்னியின் கழுத்தில் இன்னும் ஒரு சுமையைக் கட்டிவிட்டு வருவது எப்படிப் பரிகாரமாகும்? உங்கள் குடும்பப் பெரியவரிடமோ புரோகிதரிடமோ கேட்டுப் பாருங்கள். நல்ல துணியைக் கழுவி ஓர் ஏழைக்குக் கொடுப்பதை எந்தச் சாஸ்திரமும் தடுக்கவில்லை.

2019-ல் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, குடத்தோடு வரிசையில் நின்றோமே! லாரி வருகிற நேரத்துக்காகத் தூக்கம் கெட்டோமே! 2015 டிசம்பரிலோ, அதே நகரத்தில் வெள்ளம் வீட்டுக்குள் வந்தது. ஏரி இருந்த இடத்தில் தண்ணீருக்கு இடமில்லை. அது தன் இடத்தைத் தேடி வந்தது. கன்னிமாருக்குக் கொடுத்த இடத்தை நாம் திருப்பி எடுத்துக்கொண்டால், அவர்கள் எங்கே போவார்கள்?

வீட்டிலேயே கன்னியரை வணங்கலாம்

'அடுக்குமாடியில் இருக்கிறோம், குளத்துக்கும் ஆற்றுக்கும் எங்கே போவது?' என்று கேட்கிறீர்களா? கவலை வேண்டாம். எந்தப் பூஜைக்கும் கலசம் வைக்கும்போது கங்கை, யமுனை, கோதாவரி, சரஸ்வதி, நர்மதை, சிந்து, காவிரி என ஏழு நதிகளை அதில் எழுந்தருளும்படி அழைக்கிறோம் அல்லவா? குளக்கரையில் ஏழு கன்னியர். உங்கள் வீட்டுச் செம்பிலும் ஏழு கன்னியர்!

ஆடி மாதத்து வெள்ளிக்கிழமையிலோ, ஆடிப்பெருக்கு அன்றோ, எளிமையாக இப்படி வழிபடலாம்.

* காலையில் நீராடி, பூஜையறையில் கோலமிட்டு, ஒரு செம்பில் தூய நீர் நிரப்பி, சிறிது மஞ்சளும் ஒரு பூவும் இடுங்கள்.

* ஏழு வெற்றிலைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் மஞ்சள் பிடித்து வைத்துக் குங்குமம் இடுங்கள். பாக்கு, பூ, வளையல் வைக்கலாம்.

* மாவிளக்கு ஏற்றி, சர்க்கரைப் பொங்கலோ சித்ரான்னமோ நிவேதனம் செய்யுங்கள்.

* அக்கம்பக்கத்துச் சிறுமியருக்கு வளையலும் பிரசாதமும் கொடுங்கள். ஏழு பேர் கிடைத்தால் விசேஷம். ஒரு குழந்தை கிடைத்தாலும் போதும்.

* பூஜை முடிந்ததும் செம்பு நீரைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். துளசிக்கோ, ஏதேனும் ஒரு செடிக்கோ வார்த்துவிடுங்கள்.

ஊருக்கு ஊர் இந்த முறை மாறும். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் முறை இருந்தால், அதையே பின்பற்றுங்கள்.

குழந்தை பிறந்த பெண், தீட்டுக் கழிந்ததும் கிணற்றுக்கு மஞ்சள் குங்குமம் இட்டு வணங்கித் தண்ணீர் இறைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. கிணறு இல்லாத வீட்டிலும் இதை விட்டுவிட வேண்டாம். தண்ணீர்த் தொட்டிக்கோ குழாய்க்கோ பொட்டு வைத்து வணங்கலாம். 'நீயும் என்னைப்போல ஊட்டி வளர்ப்பவள்' என்று ஒரு தாய் தண்ணீருக்குச் சொல்லும் நன்றி அது.

பூஜையோடு சேர்த்து இன்னும் மூன்று காரியங்களைச் சங்கல்பம் செய்துகொள்ளுங்கள்.

முதலாவது: மழைநீர்த் தொட்டி. தமிழ்நாட்டில் 2003-ல் வீடுதோறும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆக்கப்பட்டது. உங்கள் வீட்டிலும் குழி இருக்கும். அதற்குள் சருகும் மண்ணும் அடைத்திருக்கும். ஆடிப்பெருக்கு அன்று அதைத் திறந்து பாருங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கும். சுத்தம் செய்ய அதுவே சரியான நேரம். சுத்தம் செய்த பிறகு, அதன் மேல் ஒரு சின்னக் கோலம் போடுங்கள். உங்கள் வீட்டுக் கன்னிமார் கோயில் அதுதான்!

இரண்டாவது: ஆற்றிலோ குளத்திலோ பூவும் மஞ்சளும் தவிர வேறு எதையும் இடுவதில்லை என்ற உறுதி. பூவும் கைப்பிடி அளவு போதும். கொண்டுபோன பையை வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

மூன்றாவது: உங்கள் பகுதிக் கோயில் குளத்தின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு தீர்த்தத்துக்கும் ஒரு பெயர், ஒரு கதை உண்டு. அர்ச்சகரைக் கேளுங்கள், பக்கத்து வீட்டுப் பாட்டியைக் கேளுங்கள். அந்தக் கதையை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பெயர் தெரிந்த பெண்ணின் வீட்டு வாசலில் யாரும் குப்பை கொட்ட மாட்டார்கள். கோயிலில் உழவாரப் பணி நடக்கும் நாளில் நான்கு தோழியரோடு போய் நில்லுங்கள். ஐந்து தீர்த்தங்களை மீட்க ஓர் அர்ஜுனன் போதுமாக இருந்தது. ஒரு குளத்தை மீட்க ஐந்து பெண்கள் போதாதா?

குடகு மலையில் தலைக்காவிரிக்குப் போனால், காவிரி பிறக்கும் இடம் ஒரு சிறு தொட்டி அளவுதான் இருக்கும். ஒவ்வோர் ஆண்டும் துலா சங்கிரமணத்தன்று, அந்தத் தொட்டியில் நீர் குமிழியிட்டு எழும் நொடிக்காக மக்கள் நடுங்கும் குளிரிலும் காத்திருக்கிறார்கள். அன்னை வந்துவிட்டாள் என்று கைகூப்புகிறார்கள். ஒரு குமிழிதான், அதுதான் கீழே இறங்கி, தஞ்சைத் தரணிக்குச் சோறு போட்டது.

நாளை காலை நீங்கள் குழாயைத் திறக்கும்போது விழும் முதல் சொட்டையும் அந்தக் குமிழியாக நினைத்துக் கையில் ஏந்துங்கள். மனதுக்குள் ஒரு வணக்கம் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் குழாயை இறுக மூடுங்கள். அந்தக் கன்னியர் எழுவரும் உங்கள் இல்லத்தில் நீங்காமல் தங்கி, வற்றாத நீரும் குறையாத மங்கலமும் அருளட்டும்!